என் தகர ஷெட்டையும் சேர்த்தே பாருங்கள்: பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும், எங்கள் கோப்புகள் கடைசியில் போய்ச் சேரும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

போன வாரம் ரேஷன் கடைச் சுவரில் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். குடோன், ஷெட், கட்டுமானப் பொருள் குவித்து வைக்கும் இடம், கான்டிராக்டர்கள் வண்டியும் இயந்திரமும் நிறுத்தும் இடம் என்று பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் மறுபடி பார்க்கப் போகிறீர்கள். 15 நாளுக்குள் ஆவணங்களோடு வர வேண்டும். அரிசி வாங்க நின்ற வரிசையில் இரண்டே கருத்துதான் கேட்டது. "இனி எல்லாத்தையும் பூட்டிருவாங்க" என்றார் முன்னால் நின்றவர். "ஒண்ணும் நடக்காது, ரெண்டு நாள் பேசிட்டு விட்டிருவாங்க" என்றார் பின்னால் நின்றவர். இந்த இரண்டில் எது நடந்தாலும் ஊருக்குப் பிரயோஜனம் இல்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "இவன் ஏன் இதைப் பேசுகிறான்" என்று தோன்றும். கல்குளம் வட்டத்துக்காரன். 22 வருடமாகச் சென்ட்ரிங் சாமான், அதாவது கான்கிரீட் வார்க்கும்போது அடியில் தாங்கி நிற்கும் சாமான், வாடகைக்கு விடுகிறேன். தகடு, ஸ்பேன், ஜாக்கி, முட்டுக்கம்பு, ஒரு மிக்ஸர், இரண்டு வைப்ரேட்டர், ஒரு டெம்போ. வீட்டுக்குத் தெற்கே அப்பா விட்டுப்போன விளையில், அதாவது தோட்டத்தில், தென்னைகளுக்கு நடுவே ஒரு தகர ஷெட். சாமான் வெளியே கிடந்தால்தான் எனக்கு வருமானம். ஷெட் நிறைந்திருந்தால் அந்த மாதம் வீட்டில் கஷ்டம் என்று அர்த்தம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. மற்ற ஊர் சென்ட்ரிங்காரனுக்கு வருடத்தில் ஒரு தடவை ஷெட் நிறையும், எனக்கு இரண்டு தடவை.

அந்த ஷெட்டுக்குத் திட்ட அனுமதி கிடையாது. ஒளிக்க ஒன்றும் இல்லை. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டி வருகிறேன், ரசீது எல்லாம் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ரொம்ப நாள் அந்த ரசீதுதான் அனுமதி என்றே நினைத்திருந்தேன். திட்ட அனுமதி நிலத்துக்கும் கட்டடத்துக்கும், தொழில் உரிமம் உள்ளே நடக்கும் வேலைக்கு, தொழில் வரி அதைச் செய்யும் ஆளுக்கு என்று ஒரு இன்ஜினீயர் தம்பி போன வருடம்தான் பிரித்துச் சொன்னார். மூன்றும் மூன்று தாள். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதல் இரண்டும் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் ஜிஎஸ்டி பதிவுச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதையே அனுமதி என்று காட்டுவார்கள். உங்கள் அறிவிப்பில் "உரிய ஆவணங்களுடன்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறீர்கள். எந்த ஆவணம் என்று எழுதியிருந்தால் பாதிக் கூட்டம் அன்றைக்கு வீணாக வந்து நிற்காது.

சரி, இப்போது என் வீட்டிலிருந்து ஒரு நூற்றைம்பது மீட்டர் மேற்கே வாருங்கள். ஏலாவின், அதாவது வயல்வெளியின், கரையில் ஒரு பெரிய கேட் இருக்கிறது. 2018-இல் அங்கே தேங்காய் குடோன் என்று அனுமதி வாங்கினார்கள். ஒரு வருடம் தேங்காய் இருந்ததும் உண்மை, நானே என் தோட்டத்துக் காயை அங்கே போட்டிருக்கிறேன். அப்புறம் இடம் கைமாறியது. 2020-இல் பின்பக்கத்து வயலில் மண் அடித்து மேடாக்கினார்கள். இன்றைக்கு உள்ளே எம் சாண்ட் குவியல், சல்லிக் குவியல், பாறைப்பொடி, இரண்டு ஜேசிபி, எண்ணிப் பார்த்தால் ஆறேழு டிப்பர். தாளில் அது இன்னமும் தேங்காய் குடோன்தான்.

அந்த யார்டை, அதாவது பொருள் குவித்திருக்கும் அந்த இடத்தை, வைத்திருப்பவர் எனக்கு வேண்டாதவர் இல்லை. அவருடைய வேலைகளுக்கு என் மிக்ஸர் போயிருக்கிறது. இதைப் படித்த பிறகும் கூப்பிடுவாரா என்று தெரியாது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். உங்கள் பட்டியலில் என் ஷெட்டும் அவருடைய யார்டும் அடுத்தடுத்த வரிசை எண்களில் வருகின்றன. இரண்டுக்கும் எதிரே "கட்டுமானப் பொருள் இருப்பு" என்ற அதே மூன்று சொல். இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் நியாயமாக ஒரு முடிவுக்கு வர முடியாது.

எங்கள் சாலையை நான் டேப் வைத்தே அளந்தேன். தார் அகலம் 3.75 மீட்டர், அதாவது ஒருவழித் தடத்துக்கு வழக்கமாகப் போடும் அகலம். லாரி, டிப்பர் 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கலாம் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. கழித்தால் மிச்சம் 1.15 மீட்டர். அந்த 1.15 மீட்டரில்தான் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சைக்கிள், பால் கேனோடு வரும் ஸ்கூட்டர், கைத்தடி ஊன்றி வரும் எங்கள் பெரியம்மா எல்லாரும் போக வேண்டும். எதிரே இன்னொரு டிப்பர் வந்தால் ஒன்று பின்னால் போகும், இல்லை யாராவது ஒருவருடைய விளைச்சுவர் உடையும். மூன்று அச்சு டிப்பர் ஒன்று சட்டப்படியே வண்டியின் எடையும் சேர்த்து 28.5 டன் வரை போகலாம், 2018-இல் 25 டன்னிலிருந்து அப்படி உயர்த்தினார்கள். அந்தப் பாரத்தைச் சானல் (பாசனக் கால்வாய்) மேல் இருக்கும் எங்கள் சின்னப் பாலத்திடம் கேட்டுவிட்டு உயர்த்தவில்லை. பாலத்தின் தட்டில், அதாவது கான்கிரீட் தளத்தில், குறுக்கே விரிசல் ஓடுகிறது. தட்டு வார்ப்பையே பிழைப்பாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பூச்சு விட்ட விரிசல் இல்லை.

அடுத்தது சத்தம். இரைச்சல் குறித்த மத்திய அரசின் விதிகள் 2000-இலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை. யார்டில் காலை நாலரைக்கு முதல் வண்டி கொட்டும். தொட்டி மேலே போகும்போது வரும் இன்ஜின் உறுமலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கொட்டி முடித்ததும் பின்கதவு 'டமார்' என்று அடிக்கும் பாருங்கள், அதில்தான் தெருவே எழுந்திருக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. என்னிடமும் குறை உண்டு. தகடுகளை டெம்போவில் அடுக்கும் சத்தம் ஒன்றும் வீணை வாசிப்பு இல்லை. என் பையன்களிடம் காலை ஏழு மணிக்கு முன்னால் தகட்டைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் நானாகச் செய்யவில்லை, அதே பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை சண்டைக்கு வந்த பிறகுதான்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கோப்பில் யாரும் எழுதுவதில்லை. 2021 நவம்பரில் மாவட்டம் முழுக்க வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மழையில் எங்கள் ஏலாவுக்கு வந்த தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி, மூன்று வீட்டுக்குள் ஏறியது. அதற்கு முந்திய மழைகளில் முற்றம் வரை வந்து வடிந்த தண்ணீர்தான் அது. குற்றம் முழுக்க யார்டுடையது என்று நான் சொல்ல மாட்டேன். சானலில் பாசியும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தது, தூர்வாரச் சொல்லி நாங்களும் கேட்டு நடக்கவில்லை. மழையும் சாதாரண மழை இல்லை. ஆனால் தண்ணீர் நின்று வடிகிற ஒரு துண்டு நிலத்தை நான்கு அடி உயர்த்தினால், அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் வேறெங்கோ நின்றுதானே ஆக வேண்டும்? நஞ்சையை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று தனி வழி இருக்கிறது, ஆட்சியர் வரை கோப்பு போய் வர வேண்டும். ஆகவே மறு ஆய்வுக்கு வரும் ஒவ்வொரு இடத்துக்கும் முதல் வேலையாக நிலத்தின் வகை எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டைத் திறந்து நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள். நஞ்சை என்றால் எந்தத் தாளின்பேரில் மண் அடித்தார்கள் என்று கேளுங்கள். இதற்கு ஒரு கிராம நிர்வாக அலுவலரும் ஒரு மத்தியான நேரமும் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்படியென்றால் குடியிருப்புக்குள் எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் வெளியே அனுப்பு" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் "வெளியே" என்று ஒரு இடம் எங்கே இருக்கிறது? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகச் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் என்றால் இங்கே 1,100-க்கும் மேல். சென்னைக்கு அடுத்தபடியாக நெருக்கமான மாவட்டம். அதிலும் மாவட்டத்தின் கிழக்கே நாஞ்சில் நாட்டுப் பக்கம் வீடுகள் தெருவாக, வரிசையாக இருக்கும், வயல் தனியாக இருக்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள். அதே விளையில் தென்னை, மரச்சீனி, ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகை, சில இடத்தில் அண்டிப்பருப்பு (முந்திரி) உடைக்கும் ஷெட். வீடு எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடவே முடியாது. வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா என்று வண்ணம் தீட்டும்போது எங்கள் பக்கத்து விளைகளுக்கு மூன்றையும் கலந்து ஒரு வண்ணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். 1971 நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019 கட்டட விதிகளும் தெருவாக வளர்ந்த நகரங்களை மனதில் வைத்து எழுதியவை என்பது என் அபிப்பிராயம். சட்டத்தைக் குறை சொல்லவில்லை, எங்கள் நிலத்தில் அதைப் பொருத்திப் பார்க்கும்போது கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பொருத்தச் சொல்கிறேன்.

யார்டுகளும் சும்மா முளைக்கவில்லை. வளைகுடா போனவர்கள் வீடு கட்டுகிறார்கள், நான்குவழிச் சாலை வேலை நடக்கிறது, எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இங்கிருந்து கல் போனது ஊரறிந்த கதை. ஊருக்குள் மணலும் சல்லியும் கிடைக்காவிட்டால் ஒன்றரை சென்டில் வீடு கட்டுகிறவன் லோடு வாடகையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். என் சோறும் அந்த வீடுகளில்தான் இருக்கிறது. யார்டே கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பின்னே என்ன செய்யலாம்? தொழிலின் பெயரை விட்டுவிட்டுக் கேட்டைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. குடோன், ஷெட், யார்டு, கான்டிராக்டர் அலுவலகம் என்று தாளில் என்ன எழுதியிருந்தாலும், அந்தக் கேட் வழியாக என்ன அளவு வண்டி, எத்தனை தடவை, எத்தனை மணிக்கு வருகிறது, உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற சாமானா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் பக்கத்தில் இருப்பவனுக்கு முக்கியம். கடைவீதிக்குப் பின்னால் முடுக்குக்குள் (சந்துக்குள்) இருக்கும் ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், டயரும் பழைய பெயின்ட் டப்பாவும் கூரை வரை அடுக்கியிருக்கிறது. தீயணைப்பு வண்டி அந்த முடுக்குக்குள் நுழையாது. உங்கள் பட்டியலில் அது இல்லை, ஏனென்றால் அது "கடை". என் இரும்புத் தகடு தீப்பிடித்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை, ஆனால் நான் பட்டியலில் இருக்கிறேன்.

அனுமதி கொடுக்கும்போது நிபந்தனையைத் தமிழில், நாலே வரியில் எழுதிக் கொடுங்கள். என்ன சாமான், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு பெரிய வண்டி வரை, குவியல் எவ்வளவு உயரம். அதையே கேட்டில் பலகையாக மாட்டச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் தொடங்கும் எட்டரை முதல் ஒன்பதரை வரையும் விடும் நேரத்திலும் பெரிய வண்டி கூடாது என்று அதில் இருக்கட்டும். மணல் குவியலுக்கு மேலே வலை, சுற்றிலும் தண்ணீர் தெளிப்பு என்று இருக்கட்டும். தேங்காய்க்கு வாங்கிய அனுமதி தேங்காய் போனதும் காலாவதி ஆகிவிடும் என்றும் இருக்கட்டும். பலகை இருந்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம். இப்போது நாங்கள் போய்க் கேட்டால் "எல்லாம் பர்மிஷன் இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. அந்தத் தாளை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

புகார் வந்த இடத்தை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் மனு எழுதுகிறவனின் கைக்குப் பின்னால் பாதி நேரம் ஒரு வேலித் தகராறு இருக்கும். மாமன் மச்சானுக்குள் எல்லைக்கல் பிரச்சினை என்றால் முதலில் போவது ஷெட் அனுமதி பற்றிய மனுதான். உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்கள், அந்தக் கைக்குழந்தை வீட்டார் மாதிரி, வாடகைக்கு இருப்பவர்கள். அவர்கள் மனு கொடுக்கவே மாட்டார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

சிறியவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்கிறேன். எனக்காகவும்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவருக்குச் சுயசான்று போதும் என்று 2024 ஜூலையில் அரசே வழி திறந்துவிட்டது. அந்த மனது, வீட்டை ஒட்டித் தொழில் செய்கிறவனின் ஷெட்டைப் பார்க்கும்போதும் இருக்கட்டும். ஒரு நாள் பேரூராட்சி அலுவலகத்திலேயே முகாம் போட்டு, சர்வேயரையும் வரைபடம் போடும் ஒருவரையும் உட்கார வைத்தால், என்னைப் போல இருபது முப்பது பேர் கட்டணத்தைக் கட்டி ஒழுங்காகிவிடுவோம். அளவு கூடி நாகர்கோவிலுக்குப் போக வேண்டிய கோப்பு எது, உங்களிடமே முடியக்கூடியது எது என்று அன்றைக்கே பிரித்துச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொருவனும் நடுவில் ஒரு ஆளைப் பிடிப்பான்.

56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் கொடுத்துப் பூட்டி சீல் வைக்கும் அதிகாரம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். வைக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். ஆனால் சென்ட்ரிங் ஷெட்டுக்கு சீல் வைப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை இந்தத் தொழிலில் இருப்பவன்தான் சொல்ல முடியும். ஒரு தட்டு வார்த்தால், 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ளதற்கு 7 நாளும் அதற்கு மேல் என்றால் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும். எந்த நாளிலும் என் சாமானில் பாதி யாருடைய வீட்டுக்கோ அடியில் நின்றுகொண்டிருக்கும். இங்கே பூட்டிவிட்டால் அங்கே பிரித்த தகடும் கம்பும் எங்கே போகும்? வீடு கட்டுகிறவர் அவசரப்படுவார், லோடு ஆட்கள் ரோட்டோரமாக அடுக்கிவிட்டுப் போவார்கள். மறுநாள் ரோட்டை அடைத்ததற்கு இன்னொரு நோட்டீஸ் வரும். பூட்டும் முன் ஒரு மாத அவகாசம் கொடுத்தால் வெளியே இருக்கும் சாமான் திரும்பி வந்து வேறு இடம் பார்க்கச் சரியாக இருக்கும்.

விசாரணைக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கொத்தனாரும் கையாளும் சாரத்தின் மேல் நிற்பார்கள். யார்டின் அந்தப்பக்கம் குடியிருக்கும் பெண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். வரக்கூடியவர்கள் யார்டு வைத்திருப்பவர்களும் அவர்கள் கூட்டி வரும் வக்கீலும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகிறவர்கள் பாதி ஊர். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வைத்தால் எல்லாரும் வருவோம். மன்ற உறுப்பினர்களில் யாருக்காவது சொந்தமாக யார்டோ டிப்பரோ இருந்தால், அந்த ஒரு பொருள் வரும்போது அவர் எழுந்து வெளியே போய் நிற்கட்டும். பெயர் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கூட்டத்துக்கு நான் வரும்போது பட்டாவும் வரி ரசீதும் கையால் போட்ட ஒரு படமும் கொண்டு வருவேன். ஷெட் 20-க்கு 40 அடி. ரோட்டோரமாகச் சாத்தி வைத்திருந்த முட்டுக்கம்பு அடுக்கை, உங்கள் அறிவிப்பைப் பார்த்த அன்று சாயங்காலமே உள்ளே தள்ளிவிட்டேன். அது ரோட்டுப் புறம்போக்கில் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது என்று எனக்கு முன்பே தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், காலை நாலரை மணிக்கு வாருங்கள். என் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டால் அந்தக் கேட் நேராகத் தெரியும். ஒன்பது மணி வரை உட்கார்ந்து வண்டியை எண்ணலாம். கட்டன் சாயா நான் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இருக்கும் ஒரு சென்ட்ரிங் வாடகைக்காரன்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.